கோழித் தீவனத்தில் புளிப்பு



படப்பையிலிருந்து ஒரகடம் செல்லும் நெடுஞ்சாலையில் சேரப்பணஞ்சேரி என்றோர் ஊர் உண்டு. ஏரி நீரை நம்பி நெல் விளைத்த சிற்றூராகவே அதனை நான் முதலில் அறிந்தேன். இன்று அவ்வட்டாரம் மோட்டார்த் தொழிலின் நிலைக்களம். 2010ஆம் ஆண்டில் ஒரகடத்தில் பெரிய கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதன்பின் லாரியும் மோட்டார் சைக்கிளும் உதிரிப் பாகங்களும் செய்யும் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. பகலிலும் இரவிலும் முறை மாறி உழைக்கும் தொழிலாளர்க்கு உணவு சமைக்கும் கூடங்கள் பெருகின. அவர்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் இறைச்சி பிராய்லர் கோழியே. ஆதலின் ஊரோரங்களில் கோழிக் கொட்டகைகளும் தோன்றின.

அக்கொட்டகைகளுள் ஒன்று என் பழைய மாணவருக்கு உரியது. எவரிடமும் ஒப்பந்தம் செய்துகொள்ளாமல், தாமே குஞ்சு வாங்கி, தாமே தீவனம் கலந்து வளர்ப்பவர். 2019ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை அவர் என் இல்லத்துக்கு வந்தார். ஒரு கையில் பிளாஸ்டிக் கேன். மறு கையில் பாதி தீர்ந்த பொடிப் பொட்டலம்.

“ஐயா, இதிலே இங்கிலீஷில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள். பழைய பொடி இனிமேல் வராதாம், இந்தத் திரவத்தைக் கலந்து பார் என்கிறார் கடைக்காரர்” என்றார்.

கேனின் சீட்டைப் படித்தேன். ஃபார்மிக் அமிலம், புரோப்பியானிக் அமிலம், அம்மோனியம் ஃபார்மேட் என்று இருந்தது. அவர் திடுக்கிட்டார். “ஃபார்மிக் அமிலம் எறும்புக் கடியில் இருப்பது என்று நீங்கள்தானே ஐயா எட்டாம் வகுப்பில் பாடம் நடத்தினீர்கள்? அதைக் கோழிக்கு ஏன் கொடுக்கச் சொல்கிறார்கள்?” என்று கேட்டார்.

பிறகு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதன் அடியில், சிறு எழுத்தில், கோலிஸ்டின் என்னும் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. இம்முறை திடுக்கிட்டவன் நான். அதற்கு முந்திய ஆண்டில் என் தமையனார் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். கொடுத்த மருந்துகள் எவற்றுக்கும் கிருமி அடங்கவில்லை. “கடைசியாக ஒரு மருந்து இருக்கிறது, கொடுத்துப் பார்க்கிறோம்” என்றார் மருத்துவர். அந்த மருந்தின் பெயர் கோலிஸ்டின். தமையனார் பிழைத்து எழுந்தார். அவர் உயிரைக் காத்த அம்மருந்தைத்தான் என் மாணவர், இன்னதென்று அறியாமல், ‘வளர்ச்சிப் பொடி’ என்னும் பெயரில் நோயற்ற கோழிகளுக்குப் பல ஆண்டுகளாகத் தூவி வந்திருக்கிறார்.

அந்தப் பொடி தீவனத்துக்குள் எப்படி வந்தது? இப்பொழுது அதன் இடத்துக்கு அமிலம் ஏன் வருகிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை வரலாற்றில் இருக்கிறது. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமிலத்திலிருந்து தொடங்குவோம். 1671ஆம் ஆண்டில் ஜான் ரே என்னும் ஆங்கில இயற்கைநூல் அறிஞர், எறும்புகளைக் காய்ச்சி வடித்து ஒருவகைப் புளிப்பு நீரைப் பெறலாம் என்று எழுதினார். இலத்தீன் மொழியில் எறும்புக்குரிய சொல்லிலிருந்தே ஃபார்மிக் என்னும் பெயர் பிறந்தது. 1780இல் ஷீலே என்னும் சுவீடன் நாட்டு வேதியியலார், புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். வெண்ணெயில் உள்ள பியூட்டிரிக் அமிலமும், அதற்கு உறவான புரோப்பியானிக் அமிலமும் 19ஆம் நூற்றாண்டில் அறியப்பட்டன.

பெயர்கள் புதியன, பொருள் நமக்குப் புதிதன்று. நம் வீட்டுப் பெண்மக்கள் இரவில் சோற்றில் நீரூற்றி வைத்துக் காலையில் நீராகாரம் எடுப்பர். பாலுக்கு உறை ஊற்றித் தயிராக்குவர், மாவைப் புளிக்க வைப்பர், மாங்காயை ஊறுகாயாக்குவர். புளிப்பு ஏறிய உணவு எளிதில் கெடுவதில்லை என்பது அவர்கள் அனுபவத்தால் அறிந்த உண்மை. அழுகச் செய்யும் கிருமிகள் பல புளிப்பில் தழைப்பதில்லை. பாலைத் தயிராக்கும் இனத்துக் கிருமிகளோ அதனைத் தாங்கிக்கொள்ளும்.

இவ்வறிவைக் கோழிக்குப் பயன்படுத்தும் முயற்சியும் பழையதே. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் கோழிக்குஞ்சுகள் வெள்ளைக் கழிச்சல் நோயால் திரள்திரளாக மடிந்தன. கனெக்டிகட் மாநிலத்தில் ரெட்கர் என்னும் நுண்ணுயிர் அறிஞரும் அவர் துணைவரும் குஞ்சுகளுக்குப் புளித்த பாலை ஊட்டி ஆராய்ந்தனர். பாலுண்ட குஞ்சுகள் நன்கு வளர்ந்தன. அந்நன்மை முழுவதையும் புளிப்புக்கே உரிமையாக்குதல் பொருந்தாது; பால் தானே சிறந்த உணவன்றோ? ஆயினும், குடலில் வாழும் நுண்ணுயிர்களின் கூட்டத்தை உணவால் மாற்றலாம் என்னும் எண்ணம் அன்றே வேரூன்றிவிட்டது.

இனி, நேயர்கள் 1945ஆம் ஆண்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அவ்வாண்டுக்குரிய நோபல் பரிசுகளுள் வேதியியல் பரிசு, பின்லாந்து நாட்டு விர்த்தனன் என்பவருக்குக் கிடைத்தது. பசுந்தீவனத்தில் அமிலம் சேர்த்துப் புளிப்பை ஏற்றினால், நீண்ட பனிக்காலம் முழுவதும் அது கெடாமல் இருக்கும் என்று கண்டவர் அவர். 1928ஆம் ஆண்டளவில் வகுத்த அம்முறை அவர் பெயரின் முதலெழுத்துக்களாலேயே வழங்குகிறது. மருத்துவப் பரிசோ, பெனிசிலினுக்காக ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் ஆகிய மூவருக்குக் கிடைத்தது. அப்போது நிகழ்த்திய சொற்பொழிவில் ஃபிளெமிங் ஓர் எச்சரிக்கையும் செய்தார். மருந்தைப் போதாத அளவில் உண்பவன், தன் உடலிலுள்ள கிருமிகளைக் கொல்லாமல், அம்மருந்தைத் தாங்கும்படி அவற்றைப் பழக்கிவிடுவான் என்பது அதன் கருத்து.

ஒரே ஆண்டில், ஒரே மேடையில் உலகுக்குக் கிடைத்த பாடங்கள் இரண்டு. தீவனத்தைக் காப்பதற்குப் புளிப்பு என்பது ஒன்று. மருந்தைக் குறைந்த அளவில் கொடுக்காதே என்பது மற்றொன்று. ஐந்தே ஆண்டுகளில் கால்நடைத் தொழில் இரண்டாவது பாடத்தை மறந்தது. அது நிகழ்ந்த கதை நம் சென்னையோடும் ஒருவகையில் தொடர்புடையது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ், 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். அவர் 1923இல் அமெரிக்கா சென்று, பின்னர் லெடர்லி ஆராய்ச்சிச் சாலையின் தலைவரானார். அவர் தலைமையில் உழைத்த டக்கர் என்னும் முதிய தாவரவியல் அறிஞர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டெடுத்தார். 1948இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே சுப்பாராவ் காலமானார்.

அதே ஆராய்ச்சிச் சாலையில் ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்னும் இருவர் கோழித் தீவனத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தனர். விலைமிக்க மீன்தூள், இறைச்சித்தூள் ஆகியவற்றுக்கு மாற்றாகும் ஒரு சத்தை அவர்கள் தேடினர்; அது இன்று பி-12 எனப்படும் வைட்டமின். மருந்து எடுத்தபின் எஞ்சிய ஆரியோமைசின் கசடில் அச்சத்து இருக்கலாம் என்று கருதி, அதனைக் குஞ்சுகளுக்கு ஊட்டினர். 1948 டிசம்பர் இறுதியில் நிறுத்துப் பார்த்தபோது, வைட்டமினால் மட்டும் கிடைக்கக்கூடிய வளர்ச்சியை விட மிகுதியான வளர்ச்சி தென்பட்டது. கசடில் தங்கியிருந்த மருந்தே அதற்குக் காரணம் என்று பின்னர் தெளிவாயிற்று. 1950இல் செய்தி வெளியாயிற்று. 1951இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. 1953இல் இங்கிலாந்தும் வழங்கியது. ஒரு டன் தீவனத்துக்குச் சில கிராம் மருந்து போதும், செலவோ சொற்பம். ஃபிளெமிங் எதனைச் செய்யாதே என்றாரோ, அதுவே கொட்டகைதோறும் அன்றாட வழக்கமாயிற்று. மனிதர் உயிர் காக்க மருந்து தேடிய சுப்பாராவ், அது தீவன மூட்டைக்குள் புகுந்ததைக் காண உயிரோடு இல்லை.

எச்சரிக்கைகள் வராமல் இல்லை. 1951ஆம் ஆண்டிலேயே, ஸ்டிரெப்டோமைசின் உண்ட வான்கோழிகளின் குடலில் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் இருப்பதைக் கலிஃபோர்னியாவில் இருவர் கண்டனர். 1963இல் இங்கிலாந்தில் மாரி கோட்ஸ் என்னும் பெண்மணியும் அவர் குழுவினரும் வேறோர் உண்மையை வெளியிட்டனர். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த குஞ்சுகளுக்குப் பெனிசிலின் கொடுத்தும் வளர்ச்சி கூடவில்லை. ஆகவே மருந்து கோழியை வளர்க்கவில்லை; வளர்ச்சிக்குத் தடையாயிருந்த கிருமியின் தொல்லையைக் குறைத்தது; அவ்வளவே. சுத்தம் செய்யவேண்டிய வேலையை மருந்தைக்கொண்டு செய்தோம் என்பது இதனால் விளங்கும். 1969இல் இங்கிலாந்தின் சுவான் குழு, மனித மருத்துவத்துக்குரிய மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கலாகாது என்று பரிந்துரைத்தது.

1986இல் சுவீடன் துணிந்து தடை விதித்தது. முதலில் அந்நாட்டுப் பன்றிக்குட்டிகளிடையே வயிற்றுப்போக்கு மிகுந்தது; உழவர் வருந்தினர். பின்னர் கொட்டகையைத் திருத்தியும் தீவனத்தை மாற்றியும் நிலைமையைச் சமாளித்தனர். 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் வளர்ச்சிக்கான மருந்துக் கலப்பு நின்றது. மருந்து விலகிய இடத்தில் எதனை வைப்பது என்று தேடியபோதுதான் ஃபார்மிக், புரோப்பியானிக், லாக்டிக், பியூட்டிரிக் முதலிய அமிலங்கள் மீண்டும் மதிப்புப் பெற்றன.

நம் நாட்டில் இவ்வுணர்வு தாமதமாகவே வந்தது. 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கட்டுப்பாடின்றி வழங்குவதைத் தடுக்க வழிவகுத்தன. அது சென்னைப் பிரகடனம் என்றே பெயர் பெற்றது. 2015இல் சீன நாட்டு ஆய்வாளர், கோலிஸ்டினுக்கு அடங்காத தன்மை ஒரு கிருமியிலிருந்து மற்றொரு கிருமிக்குத் தாவவல்லது என்று கண்டு உலகை அதிரவைத்தனர். 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்குரிய கால்நடை, கோழி, மீன் ஆகியவற்றுக்கும் தீவனத்துக்கும் கோலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. என் மாணவருக்குப் பழைய பொடி கிடைக்காமற்போன காரணம் இதுவே.

இனி, எறும்பின் அமிலம் கோழிக்கு என்ன செய்கிறது என்னும் வினாவுக்கு வருவோம். கோழி உண்ட தீவனம் முதலில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் தங்குகிறது. அங்கிருந்து அமிலம் சுரக்கும் முன்வயிற்றுக்கும், பின்னர் அரைவைப்பைக்கும் செல்கிறது. தீவனத்தில் சேரும் சுண்ணாம்புக் கல்லும் புரதப் பொருள்களும் புளிப்பைக் குறைக்கும் இயல்பின. புளிப்புக் குறைந்தால் புரதத்தைச் செரிக்கும் பெப்சின் சரிவர வேலை செய்யாது. தீனிப்பையில் நுழைந்த கிருமிகளும் தப்பிப் பிழைத்துக் குடலுக்குள் இறங்கும். வெளியிலிருந்து சேர்க்கும் அமிலம் இக்குறையை ஈடு செய்கிறது.

அஃது அன்றி, இவ்வமிலங்களுக்கு வேறொரு திறமும் உண்டு. இவை வலுக்குறைந்த அமிலங்கள். புளிப்பான சூழலில் இவற்றின் மூலக்கூறுகள் பெரும்பாலும் பிரியாமல் முழுமையாக இருக்கும். அந்நிலையில் மின்னூட்டம் இல்லாமையால் கிருமியின் மேலுறையைக் கடந்து உள்ளே நுழைந்துவிடும். கிருமியின் உட்புறத்தில் புளிப்பு இல்லை. ஆகவே அங்கே மூலக்கூறு பிரிந்து, புளிப்பை உள்ளுக்குள்ளேயே அவிழ்த்துவிடுகிறது. அதனை வெளியே தள்ளித் தள்ளிக் கிருமி தன் வலிமையை இழக்கிறது. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இவ்வாறு ஒடுங்குகின்றன. புரோப்பியானிக் அமிலமோ தீவனத்தில் பூஞ்சணம் பூப்பதைத் தடுக்கிறது. பியூட்டிரிக் அமிலம் குடற்சுவரின் உயிரணுக்களுக்கே உணவாகிறது. இவை குடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டு விடுவதால், கீழ்க்குடல் வரை செல்லவேண்டிய அமிலத்துக்குக் கொழுப்புறை இட்டுத் தருகின்றனர்.

எனினும் இதனையும் மந்திரப் பொடி என்று எண்ணிவிடலாகாது. ஆய்வுகளில் எல்லாக் கொட்டகைகளிலும் ஒரே பயன் கிட்டவில்லை. சில இடங்களில் நல்ல பயன், சில இடங்களில் சொற்பம். நோயுற்ற கோழியை அமிலம் குணப்படுத்தாது; அதற்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும். பூஞ்சணம் தோன்றாமல் தடுக்குமேயன்றி, முன்பே தோன்றிய பூஞ்சண நஞ்சை அழிக்காது. 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகளை மாய்த்த நஞ்சு, பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கிலிருந்து வந்ததாகும். நம் ஊரிலும் பிண்ணாக்கு வாங்குவோர் இதனை மறத்தலாகாது. அமிலம் மிகுந்தால் கோழி தீவனத்தையும் நீரையும் வெறுக்கும். தகரத்தையும் இரும்புக் குழாயையும் அரிக்கும். கையுறையின்றித் தொட்டால் தோல் வெந்துவிடும். குடிநீரில் உயிர்த் தடுப்பூசி மருந்து கொடுக்கும் நாளில் அமிலம் சேர்க்கலாகாது. உப்பும் சுண்ணமும் மிகுந்த கிணற்று நீர் சேர்த்த அமிலத்தை விழுங்கிவிடும்; ஆதலின் நீரைச் சோதித்தே அளவு குறிக்க வேண்டும். புளிப்பை அளக்கும் பி.எச். அளவுகோலை 1909இல் டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சன் வகுத்துத் தந்தார். அதற்குரிய சோதனைத் தாள் சிறு தொகைக்குக் கிடைக்கிறது.

இவற்றையெல்லாம் நான் ஒருநாளில் அறிந்தவன் அல்லன். என் மாணவரை அழைத்துக்கொண்டு காட்டுப்பாக்கம் சென்றேன். கிண்டியும் வேப்பேரியும் சென்று அலையாமல், எங்கள் வட்டாரத்துக்கு அண்மையிலேயே கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பண்ணையும் கால்நடை உணவு ஆராய்ச்சி நிலையமும் அங்கு இருப்பது எங்கள் நற்பேறு. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் ஆசிரியனுக்கும் வெட்கம் கூடாது.

திரும்பும் வழியில் மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “பெரிய ஐயாவுக்கு ஊசியில் ஏற்றிய மருந்தையா ஐயா நான் கோழிக்குப் போட்டேன்?” என்று கேட்டார். “ஆம்” என்றேன். அதற்குமேல் அவரை நோக்கி ஒரு சொல்லும் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. எறும்புக் கடியைப் பற்றிப் பாடம் நடத்திய நான், பொட்டலத்தின் சிறு எழுத்தைப் படித்துப் பார்க்கும் வழக்கத்தை அவருக்குக் கற்பிக்கவில்லையே என்று எண்ணினேன். கோலிஸ்டின் என் தமையனாரைக் காத்தது உண்மை. அவர் பேரனுக்கு ஒருநாள் அது வேண்டியிருந்தால், அன்றும் அது வேலை செய்யவேண்டும் அன்றோ?

அதன்பின் அவர் கொட்டகையில் செய்த மாற்றங்கள் எளியவை. ஒரு தொகுதி கோழி விற்றபின் கூளத்தை முற்றும் அகற்றி, தரையைக் கழுவி உலரவிட்டு, சில நாள் கழித்தே புதுக் குஞ்சு இறக்குகிறார். நீர்க்குழாயை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்கிறார். தீவன மூட்டையை ஈரத் தரையில் அடுக்காமல் பலகைமேல் வைக்கிறார். இவற்றோடு அளந்த அமிலமும் சேர்கிறது. முதல் தொகுதியில் சில குஞ்சுகள் மிகுதியாக மடிந்தன; அவர் மனம் கலங்கினார். ஆயினும் பழைய பொடியைத் தேடிச் செல்லவில்லை. அடுத்தடுத்த தொகுதிகள் சீரடைந்தன. அமிலத்தால் எவ்வளவு, சுத்தத்தால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. அவரும் அதனைப் பற்றிக் கவலைப்படவில்லை.

இரவு வேலை முடிந்து ஒரகடத்துச் சாலையோரத்தில் கோழிக் குழம்புடன் சோறுண்ணும் இளைஞர் எவருக்கும் இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு உணவு அளிப்பவர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். மருந்து நோய்க்கு உரியது. தீவனத்துக்கு உரியவை சுத்தமும் புளிப்பும் பொறுமையுமே. நம் பாட்டிமார் உறை ஊற்றிய காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த பாடந்தான். இடையில் கொஞ்ச காலம் மறந்திருந்தோம்.